ஓடையால் பிரிந்த ஊர்

பிழைப்பை நாடி மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நமக்கு எல்லை என்பது புதிய செய்தியன்று. ஊருக்குப் புறப்பட்டு இரயிலில் அமர்ந்தோமானால், ஓர் இரவுக்குள் இரண்டு மூன்று எல்லைகளைக் கடந்துவிடுகிறோம். நிலையத்துப் பெயர்ப் பலகையில் எழுத்து மாறியிருப்பதைக் கண்டே எல்லை கடந்துவிட்டோம் என்று அறிகிறோம். உறங்கிப் போனால் அதுவும் தெரிவதில்லை. எல்லை இவ்வளவு எளியதாக இருப்பது எத்துணைப் பெரிய பேறு என்பதை உணர வேண்டுமாயின், ஜெர்மனி நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் நலம். அவ்வூரின் பெயர் மோட்லராய்ட்.

ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள பெரிய மாநிலம் பவேரியா. அதன் வடகிழக்குக் கோடியில் ஹோஃப் என்னும் நகரம் இருக்கிறது. அந்நகருக்கு வடக்கே சில கல் தொலைவில், வயல்களுக்கும் ஊசியிலைக் காடுகளுக்கும் இடையே, மோட்லராய்ட் அமைந்திருக்கிறது. அப்பகுதியில் 'ராய்ட்' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் பல உண்டு. காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்பது அச்சொல்லின் பொருள். நம் நாட்டில் 'காடுவெட்டி' என்று ஊர்ப் பெயர் வழங்குவதை இதனோடு ஒப்பிடலாம். ஊரில் வாழ்வோர் இன்றைக்கும் சுமார் ஐம்பது பேரே. உழவும் கால்நடை வளர்ப்புமே அவர்களுடைய பழைய தொழில்.

இவ்வூரின் நடுவே டான்பாக் என்ற ஓடை ஓடுகிறது. ஆறு என்று சொல்லுதற்கும் தகுதியற்ற சிறு நீரோட்டம் அது. கால் வலிமையுள்ள சிறுவன் ஒருவன் ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுவான். ஆயினும், ஐரோப்பாவின் வரலாறு இந்தச் சிற்றோடையின்மேல் பலமுறை வந்து நின்றது.

1810 ஆம் ஆண்டில், நெப்போலியன் காலத்து அரசியல் மாற்றங்களின் விளைவாக, பய்ராய்ட் பகுதி பவேரிய அரசரின் ஆட்சிக்குள் வந்தது. ஓடையின் தென்கரை அவ்வாறு பவேரியாவைச் சேர்ந்தது. வடகரை ராய்ஸ் என்னும் சிறு சமஸ்தானத்துக்கு உரியது. ஓடையோரம் எல்லைக் கற்கள் நடப்பட்டன. கல்லின் ஒரு முகத்தில் பவேரிய முடியரசைக் குறிக்கும் எழுத்துகளும், மறுமுகத்தில் ராய்ஸ் சமஸ்தானத்தைக் குறிக்கும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. 1918 ஆம் ஆண்டில் முடியாட்சிகள் ஒழிந்தன. 1920 ஆம் ஆண்டில் ராய்ஸ் துரிங்கியா என்னும் மாநிலத்தோடு இணைந்தது. இவ்வாறு ஓர் ஊர் இரண்டு மாநிலங்களில் இருந்தது.

இதனால் ஊராருக்கு நேர்ந்த இடர்தான் என்ன? ஏறக்குறைய ஒன்றுமில்லை எனலாம். வரி செலுத்தும் அலுவலகம் வேறு, வழக்கு நடக்கும் மன்றம் வேறு; அவ்வளவே. பள்ளிக்கூடமும் சத்திரமும் துரிங்கியாப் பக்கத்தில் இருந்தன. பவேரியக் கரையின் குழந்தைகள் ஓடையைக் கடந்து பள்ளிக்குச் சென்றார்கள். வழிபாட்டுக்கோ, துரிங்கியக் கரையினரும் பவேரியாவில் உள்ள டேப்பன் என்னும் அண்டை ஊரின் தேவாலயத்துக்குச் சென்றார்கள். சத்திரம் என்றவுடன் வழிப்போக்கர் தங்கும் இடம் என்று மட்டும் நாம் எண்ணிவிடக் கூடாது. ஜெர்மானியக் கிராமத்தில் அதுவே ஊர்ச் சாவடி. மாலையில் ஆடவர் கூடிப் பேசுவதும், ஊர்ப் பொதுக் காரியம் முடிவாவதும், திருமண விருந்து நடப்பதும் அங்கேதான். பள்ளி ஒரு கரையிலும் தேவாலயத்துக்குப் போகும் வழி மறு கரையிலும் இருந்தமையால், இரு கரையாரும் ஒருவரையொருவர் சாராமல் வாழ இயலாது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஓடையைப் பாராமலே நடந்தன.

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. தோல்வியுற்ற ஜெர்மனியை எவ்வாறு பங்கிட்டு ஆள்வது என்று நேச நாடுகள் 1944 ஆம் ஆண்டிலேயே லண்டனில் உடன்பாடு செய்துகொண்டன. மண்டலங்களை வகுப்பதற்குப் பழைய மாநில எல்லைகளையே அவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். பவேரியா அமெரிக்க மண்டலம். துரிங்கியா சோவியத் மண்டலம். வரைபடத்தில் கோடு கிழித்தவர்கள் மோட்லராய்ட் என்ற பெயரையே கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர்கள் கோடு டான்பாக் ஓடை வழியாகவே சென்றது. 1949 ஆம் ஆண்டில் மேற்கில் ஒரு ஜெர்மன் குடியரசும் கிழக்கில் மற்றொரு ஜெர்மன் குடியரசும் தோன்றியபோது, ஓடை இரண்டு நாடுகளின் எல்லையாயிற்று.

எல்லை உண்மையில் அடைபட்டது 1952 ஆம் ஆண்டு மே மாதத்தில். கிழக்கு ஜெர்மன் அரசு தன் மேற்கு எல்லை நெடுகிலும் கடுமையான காவல் முறை ஒன்றை ஏற்படுத்தியது. எல்லையை ஒட்டிப் பத்து மீட்டர் அகலத்துக்கு நிலம் உழுது வெறுமையாக வைக்கப்பட்டது. அதில் கால் வைத்தால் சுவடு தெரியும். அதற்கப்பால் 500 மீட்டர் காவல் பட்டை. அதற்கும் அப்பால் 5 கிலோமீட்டர் தடை மண்டலம். அரசின் நம்பிக்கைக்கு உரியவரல்லர் என்று கருதப்பட்ட குடும்பங்கள் இரவோடிரவாக வண்டியில் ஏற்றப்பட்டு உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. எல்லை நெடுகிலும் இவ்வாறு வீடிழந்தவர்கள் அவ்வாண்டில் மட்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர்.

மோட்லராய்ட்டின் நடுவே முதலில் மர வேலி எழுந்தது. பின்னர் முள்கம்பி வந்தது. 1966 ஆம் ஆண்டில், 700 மீட்டர் நீளமும் ஓர் ஆள் உயரத்தின் இரு மடங்குக்கு நெருங்கிய உயரமும் உடைய கான்கிரீட் மதில் கட்டப்பட்டது. பெர்லின் நகர மதில் எழுந்து அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்கப் படைவீரர்கள் இவ்வூருக்குக் 'குட்டி பெர்லின்' என்று பெயரிட்டார்கள்.

மதிலின் இரு புறத்திலும் வாழ்க்கை ஒரே மாதிரியாக இருக்கவில்லை. மேற்குப் பக்கத்தில் வெளியூரார் வண்டி வண்டியாக வந்து மதிலைப் பார்த்துச் சென்றார்கள். கிழக்குப் பக்கத்திலோ தனி அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் ஊருக்குள் நுழைய முடியாது. தன் உடன்பிறந்தாளைக் காண விரும்பிய ஒருவர், அவள் வீட்டுப் புகைபோக்கியைத் தம் முற்றத்திலிருந்தே பார்க்கலாம். ஆனால் அவ்வீட்டின் வாயிலை மிதிக்க வழியில்லை. பிற்காலத்தில் எல்லைப்புற மாவட்டத்தார் கிழக்கே சென்றுவர ஓரளவு இசைவு கிடைத்தபோதும், காவல் பட்டைக்குள் இருந்த இவ்வூர் அவர்களுக்கு மூடியே இருந்தது. இவை எல்லாவற்றினும் கொடிய விதி ஒன்று உண்டு. மேற்கிலிருந்து ஒருவர் கையசைத்து வணக்கம் சொன்னால், கிழக்கே நிற்பவர் பதிலுக்குக் கையசைத்தல் ஆகாது. மேற்கே இத்தடை கிடையாது. ஆகையால் ஒரு பக்கத்தார் கை உயர்ந்தது. மறு பக்கத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். அண்டை வீட்டாரின் பகைமையன்று அது, அச்சம். அதை அறிந்தும் அறியாதவர்போல் வாழ்ந்ததே அக்காலத்து நட்பாக இருந்தது. 1973 ஆம் ஆண்டில் ஒருவர் ஏணியின் துணையால் இம்மதிலைத் தாண்டி மேற்கே தப்பினார்.

1989 நவம்பர் 9 ஆம் நாள் பெர்லின் மதில் திறந்தது. உலகமே அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தது. ஆனால் குட்டி பெர்லினில் மதில் மேலும் ஒரு மாதம் மூடியே நின்றது. டிசம்பர் 9 ஆம் நாளன்றுதான் நடந்து செல்வோருக்காக ஒரு வழி திறக்கப்பட்டது. 37 ஆண்டுகளுக்குப் பின் இரு கரையாரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் நடந்து சென்றார்கள். 1990 ஜூன் 17 ஆம் நாள் இயந்திரம் கொண்டு மதில் இடிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 3 ஆம் நாள் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. மதிலில் சுமார் நூறு மீட்டர் மட்டும் இடிக்கப்படாமல் விடப்பட்டது. காவற்கோபுரம், வேலி முதலியவற்றோடு அது இன்று திறந்தவெளிக் காட்சிசாலையாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துச் செல்கிறார்கள்.

மதில் போயிற்று, எல்லையும் போய்விட்டதா? போகவில்லை. 1810 ஆம் ஆண்டில் இருந்ததுபோல் டான்பாக் இன்றும் இரண்டு மாநிலங்களின் எல்லைதான். தென்கரை பவேரியாவின் டேப்பன் ஊராட்சியிலும், வடகரை துரிங்கியாவின் கெஃபெல் நகராட்சியிலும் அடங்கும். ஐம்பது பேர் வாழும் ஊருக்கு இரண்டு தலைவர்கள். இரண்டு அஞ்சல் குறியீட்டெண்கள். இரண்டு தொலைபேசிக் குறியீடுகள். ஜனவரி 6 ஆம் நாள் மூவரசர் திருநாளுக்குத் தென்கரையில் விடுமுறை. வடகரையில் வேலை நாள். அக்டோபர் 31 ஆம் நாள் சமயச் சீர்திருத்த நாளுக்கு வடகரையில் விடுமுறை. தென்கரையில் வேலை நாள். பள்ளிப் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. பவேரியர் 'கிரூஸ் கோட்' என்று வணக்கம் சொல்வார்கள்; துரிங்கியர் 'குட்டன் டாக்' என்பார்கள்.

இவ்வேறுபாடுகளைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஊராரும் நகைக்கவே செய்கிறார்கள். ஒரு காலத்தில் இவை நகைப்புக்கு உரியனவாக இருந்தன. பின்னர் நகைப்புக்கு இடமின்றிப் போயிற்று. இப்போது மீண்டும் நகைப்புக்கு உரியனவாயின. ஓடை மூன்று காலத்திலும் அதே ஓடைதான். குழந்தைகள் கடந்து பள்ளிக்குப் போனவரையில் அது வெறும் கோடாக இருந்தது. போக்குவரவை நிறுத்தியபோதே அது பிளவாயிற்று. அயல் மொழி வழங்கும் ஊர்களில் குடியிருக்கும் நாம் நம் வாசலில் நின்று எதிர் வீட்டாரை நோக்கிக் கை கூப்புகிறோம். அவரும் தம் மொழியில் ஏதோ சொல்லிக் கை கூப்புகிறார். மோட்லராய்ட்டின் ஒரு கரையார் இந்தச் சிறு செயலுக்காக 37 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.