கலந்து குடிக்க ஒரு மேஜை!

கோடையில் வீட்டில் ஒரு விசேஷம் வைத்தால் இல்லத்தரசியின் பாடு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. "எனக்குச் சர்க்கரை கம்மியா", "குழந்தைக்கு ஐஸ் போடாதே", "எனக்கு மோரே போதும்மா" என்று ஆளுக்கொரு குரல். விருந்து முடியும்வரை அவள் சமையலறையை விட்டு வெளியே வருவதே இல்லை.

மேல்நாட்டு வீடுகளில் பாட்டில்களையும் கோப்பைகளையும் ஒரு மேஜையில் அடுக்கி, வருகிறவர்களே கலந்து குடிக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அங்கே வைப்பது மது. அந்த ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் மோரும் நன்னாரியும் வைத்தால் என்ன? விரிஞ்சிபுரத்தில் எங்கள் மகளின் முதல் பிறந்த நாளுக்கு, சுட்டெரிக்கும் மே மாதத்தில், முப்பது பேருக்கு நான் அப்படித்தான் செய்தேன்.

"வந்தவங்களை உபசரிக்காம, நீயே எடுத்துக் குடின்னு விடறதா?" என்று மாமியார் முகம் சுளித்தார். என் கவலையே அவரைப் பற்றித்தான். பல வருடங்களாகச் சர்க்கரை வியாதி. ஆனால் விசேஷ வீட்டில் கையில் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "அவங்கவங்களுக்கு ஒத்துக்கறதை அவங்களே போட்டுக்கட்டுமே, அத்தை" என்றேன்.

முதலில் தண்ணீர். தோல் தொழிற்சாலைக் கழிவு நம் பாலாற்றங்கரை நிலத்தடி நீரைக் கெடுத்த கதை, 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. அதனால் போர் தண்ணீர் கரிக்கிற வீட்டில் நல்ல குடிநீரை வாங்கிவிடுங்கள். ஆளுக்கு அரை லிட்டர் கணக்கில் முப்பது பேருக்குப் பதினைந்து லிட்டர். ஐஸையும் அதே நீரில் நான்கு நாள் முன்பிருந்தே ஃபிரிட்ஜில் உறைய வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் பாளம் பாளமான ஐஸ் வேண்டவே வேண்டாம். பொருட்களைக் குளிர வைக்க மட்டுமே உதவும் ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் உத்தரவே வந்தது. வயிற்றுப்போக்குக்கு அதுவே போதும்!

குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் இரண்டு. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் நீர்மோர். தயிர் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு. இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம். உப்பைத் தனியாக வையுங்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்காக. பார்க்க அழகு என்று ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிவிடாதீர்கள், களிம்பேறும்.

பாகுக்கு ஒரு கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீர், இறக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு. இதைப் பிரித்து ஒன்றில் நன்னாரி, ஒன்றில் ரோஸ் எசென்ஸ். ஒவ்வொரு பாட்டில் அருகிலும் ஒரு டேபிள் ஸ்பூன் போடுங்கள். ஒரு ஸ்பூன் பாகில் கிட்டத்தட்ட மூன்று டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது என்பது அளந்து ஊற்றும்போதுதான் உறைக்கும். "பானகம் வெல்லம்தானே, ஒண்ணும் செய்யாது" என்பார்கள். செய்யும். வெல்லமும் சர்க்கரையைக் கூட்டத்தான் கூட்டும்.

பக்கத்தில் கிண்ணங்களில் ஊறிய சப்ஜா விதை, புதினா, எலுமிச்சைத் துண்டு, பொடியாக நறுக்கிய நுங்கு. சப்ஜாவைக் கால் மணி நேரமாவது ஊற விடுங்கள். உலர்ந்த விதை தொண்டையில் உப்பி அடைக்கும். ஆம்பூரிலிருந்து வந்த தோழி, "எங்க வீட்டு நோன்புக் கஞ்சியோட இதே ரோஸ் சர்பத்துதான்!" என்று சொல்லி, தன் கையாலேயே பத்துப் பேருக்குக் கலந்து கொடுத்தாள்.

சிறு குழந்தைகளுக்கு முழுத் திராட்சை வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ரோஸ் மில்க் வைத்தால் அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள்.

மேஜை நிழலில் இருக்கட்டும். டம்ளர் முதலில், ஐஸ் கடைசியில், ஐஸுக்கு இடுக்கி. எச்சில் டம்ளருக்கு வாசலோரம் ஒரு பெரிய வாளி. அத்தை மோரில் புதினாவும் எலுமிச்சையும் போட்டு இரண்டு டம்ளர் குடித்தார். பாகுப் பக்கம் போகவில்லை. நானும் அன்று உட்கார்ந்து சாப்பிட்டேன்!

மிஞ்சிய பாகைச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். வெளியே நின்ற மோரையும் நறுக்கிய பழத்தையும் மட்டும் மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.