விளம்பரமும் ஞாபகமும்

தெருவழியே பொருளைக் கூவி விற்பவனின் குரலுக்கு ஓர் எல்லை உண்டு. வாங்க விரும்பாதவர் படலையைத் திறவாதிருப்பின், அவன் அடுத்த வீட்டை நோக்கிச் சென்றுவிடுவான். வானொலி வந்த பின்னர் அக்குரல் படலையைக் கடந்து வீட்டினுள்ளேயே புகுந்துகொண்டது. 1950 ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமான காலந்தொட்டுப் பற்பசை முதலிய பண்டங்களின் புகழ் இலங்கையில் மாத்திரமன்றி இந்தியாவிலும் எண்ணற்ற இல்லங்களில் ஒலிக்கலாயிற்று. தொலைக்காட்சியோ குரலோடு உருவத்தையும் கூட்டி வந்தது. காதால் கேட்டது மறைந்தாலும் கண்ணாற் கண்டது எளிதில் மறைவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் பார்த்த ஒரு விளம்பரத்தின் முகத்தையும் நடையையும் நினைவுகூரும் ஒருவர், அன்று காலை படித்த செய்தியை மறந்திருப்பது வியப்பன்று.

ஆயினும், ஒரு விளம்பரம் மனத்தில் நிலைத்து நின்றால் அது தன் நோக்கத்தில் வென்றுவிட்டது எனக் கூறலாமா? விளம்பரத் தொழிலிலே ஈடுபட்டோர் பலர் ஆம் என்பர். தொலைக்காட்சியிற் சிகரட்டுக்கு நிகழ்ந்தவற்றை நோக்கினால், அவ்விடை அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

தொடக்கத்தில் இத்தகைய சிக்கல்கள் எவையும் இருக்கவில்லை. 1941 ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் திகதி, நியூ யோர்க் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று புறூக்ளின் அணிக்கும் பிலடெல்பியா அணிக்கும் இடையிலான பேஸ்போல் ஆட்டத்தைக் காட்டுதற்கு முன், புலோவா என்னும் கைக்கடிகாரத்தின் விளம்பரத்தைக் காட்டிற்று. ஐக்கிய அமெரிக்காவின் தேசப்படம். அதன்மேல் ஒரு கடிகார முகம். நாடே இக்கடிகாரத்தின் நேரப்படி இயங்குகிறது என்னும் கருத்துடைய ஒரு வாக்கியம். அவ்வளவே. அதற்கெனச் செலவான தொகை ஒன்பது டொலர் என்பர். பாட்டும் இல்லை, கதையும் இல்லை. கூவி விற்றலின் நேரான வாரிசு அது.

பிரித்தானியர் இவ்விடயத்திற் பெரிதும் தயங்கினர். அமெரிக்காவில் நிகழ்ச்சிகளையே வணிகர்கள் தம் உடைமையாக்கிக்கொண்டிருந்ததைக் கண்டு, நம் நாட்டுக்கு இது தகுமா எனப் பாராளுமன்றத்தில் நெடுநாள் வாதிட்டனர். ஈற்றில் 1954 ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிச் சட்டம் விளம்பரத்துக்கு இடமளித்தது. ஆனால் நிகழ்ச்சி வேறு, விளம்பரம் வேறு என்று கண்டிப்பாக வரையறுத்தது. 1955 செப்தெம்பர் 22 ஆந் திகதி இரவு லண்டனில் ஐ.ரி.வி. ஒளிபரப்புத் தொடங்கியபோது, முதல் விளம்பரம் எவருடையது என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்பட்டது. பனிக்கட்டியிற் பதிந்த கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசைக் குழாய் அந்தப் பேற்றைப் பெற்றது. வானொலி அபிமானிகள் மகிழத்தக்க செய்தியொன்றும் உண்டு. அன்றிரவே பி.பி.ஸி. வானொலி, 'ஆச்சர்ஸ்' என்னும் தன் தொடர்நாடகத்தில் கிரேஸ் என்ற இளம் மனைவி குதிரை லாயத் தீயில் மாண்டதாகக் காட்டிற்று. மறுநாட் பத்திரிகைகளிற் பற்பசையைக் காட்டிலும் அப்பெண்ணின் மரணமே பெரிதாகப் பேசப்பட்டது!

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1959 இல் வில்ஸ் என்னும் பழைய புகையிலைத் தாபனம் 'ஸ்ட்ராண்ட்' என்ற புதிய சிகரட்டை அறிமுகஞ் செய்தது. அதற்கென எடுக்கப்பட்ட விளம்பரம் இன்றளவும் பேசப்படுவது. இரவு வேளை. மழையில் நனைந்த லண்டன் தெரு, ஆளரவம் இல்லை. நீண்ட மழையங்கியும் தொப்பியும் அணிந்த இளைஞன் ஒருவன் தனியே நடந்து வருகிறான். நின்று ஒரு சிகரட்டைப் பற்றவைக்கிறான். பின்னணியில் உள்ளத்தை உருக்கும் மெட்டு ஒன்று இசைக்கின்றது. ஸ்ட்ராண்ட் கையில் இருக்கும்வரை எவனும் தனியனல்லன் என்னும் கருத்துப்பட ஒரு குரல் கூறி முடிக்கின்றது.

மக்கள் அதனைப் பெரிதும் விரும்பினர். நடித்த இளைஞர் புகழ் பெற்றார். பின்னணி மெட்டு இசைத்தட்டாக வெளிவந்து 1960 இல் நன்கு விற்பனையாயிற்று. தெருவில் எவரைக் கேட்டாலும் அந்த வாசகத்தைச் சொல்லக்கூடியதாயிருந்தது. விளம்பரக்காரன் வேண்டுவதெல்லாம் கிட்டிவிட்டன, ஒன்றைத் தவிர. சிகரட் விற்கவில்லை. சில காலத்துள் அது சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

காரணம் யாது? விளம்பரஞ் செய்தோர் கருதியது, தனிமையில் உள்ளவனுக்குச் சிகரட் துணையாகும் என்பதை. பார்த்தவர் கருதியதோ, நண்பர் அற்றவன் புகைப்பது இது என்பதை. சொல் ஒன்றைக் கூறிற்று. படம் வேறொன்றைக் கூறிற்று. மக்கள் படத்தையே நம்பினர். ஸ்ட்ராண்ட் பெட்டியைப் பலர் முன்னிலையிற் சட்டைப்பையிலிருந்து எடுப்பது, எனக்கு ஒருவரும் இல்லை என்று பறையடிப்பதற்கு ஒப்பாயிற்று. பார்வையாளர் பேதைகளல்லர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. படத்தில் இருந்த உண்மையை அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த இளைஞன் சிகரட்டைப் பற்றவைத்த பின்னரும் தனியனாகவே நின்றான் அல்லவா?

இதனோடு 1973 ஆம் ஆண்டு ஹோவிஸ் பாண் விளம்பரத்தை ஒப்புநோக்குதல் தகும். அதிலும் ஒரு தெரு, அதில் ஒற்றை உருவம். டோர்செற் மாவட்டத்து ஷாவ்ற்ஸ்பரி ஊரிலுள்ள செங்குத்தான கற்பாதையில், பாண் சுமந்த சைக்கிளை ஒரு சிறுவன் தள்ளிக்கொண்டு ஏறுகிறான். ஏறியவன் இறங்கி வந்து பேக்கரியிற் சூடான தேநீரும் பாணும் பெறுகிறான். இயக்கியவர், பின்னர் திரைப்படத் துறையிற் பெரும்புகழ் பெற்ற ரிட்லி ஸ்கொற். பின்னணியில் ஒலித்தது செக் நாட்டு மேதை துவோஷாக் 1893 இல் அமெரிக்காவில் இயற்றிய சிம்பனியின் ஒரு பகுதி. ஆங்கிலேயரோ அதனைத் தங்கள் கிராமத்து இசையென்றே கொண்டாடினர். அந்தச் சிறுவனுக்குப் பாதையின் முடிவில் ஒருவர் காத்திருந்தார். ஸ்ட்ராண்ட் இளைஞனுக்கு அப்படி எவரும் இல்லை. ஹோவிஸ் பாண் இன்றும் விற்பனையாகிறது.

அமெரிக்காவிலே சிகரட்டின் கதை வேறு வழியிற் சென்றது. அங்கே விளம்பரம் நிகழ்ச்சிக்குள்ளேயே குடியிருந்தது. 1949 முதல் 1956 வரை என்.பி.ஸி. நிலையம் ஒளிபரப்பிய 'கேமல் நியூஸ் கரவன்' என்னும் செய்தி நிகழ்ச்சிக்குப் பணம் அளித்தது கேமல் சிகரட் தாபனம். அதனால், செய்திப்படத்தில் எவரும் சுருட்டுப் புகைப்பதைக் காட்டலாகாது என்பது விதியாயிற்று. வின்ஸ்டன் சேர்ச்சிலுக்கு மாத்திரம் விலக்கு அளிக்கப்பட்டது. சுருட்டில்லாத சேர்ச்சிலை எங்கே தேடுவது? புகைத்தல் தடை என்னும் பலகையும் படத்தில் வரலாகாது. செய்தியின் ஓரத்திற் சிகரட் இருந்தது என்பதைவிடச் சிகரட்டின் ஓரத்திற் செய்தி இருந்தது என்பதே பொருந்தும்.

1960 இல் தொடங்கிய 'பிளின்ற்ஸ்ரோன்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொடருக்கு ஆரம்பத்தில் வின்ஸ்ரன் சிகரட்டே ஆதரவளித்தது. கற்கால மனைவியர் வீட்டுவேலையில் வருந்துவதைப் பார்க்கச் சகியாத கணவன்மார் இருவரும், உதவி செய்வதற்குப் பதிலாகக் கொல்லைப்புறஞ் சென்று புகைப்பதாக ஒரு விளம்பரம் அமைந்தது. இன்று அதனைக் காண்போர் தம் கண்களையே நம்பமாட்டார். அச்சிகரட்டின் புகழ்பெற்ற வாசகத்தில் ஆங்கில இலக்கணப் பிழையொன்று இருந்ததையும், மொழியறிஞர் அதனைக் கண்டித்ததையும், தாபனம் அக்கண்டனத்தையே எடுத்து நல்ல இலக்கணமா நல்ல சுவையா எனப் பின்னர் ஒரு விளம்பரமாக்கியதையும் ஆசிரியத் தொழில் புரிவோர் அறிந்துவைத்தல் நன்று. திருத்த முனைந்தவரையும் விற்பனைக்குத் துணையாக்கிக்கொள்ளும் வித்தை அது.

1964 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆந் திகதி, புகைத்தல் சுவாசப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் என அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை வைத்தியர் அறிக்கை வெளியிட்டார். பங்குச் சந்தை கலங்கலாகாது என்பதற்காகச் சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்து வெளியிட்டனர். பிரித்தானியா மறு ஆண்டு, 1965 ஆகஸ்ற் முதலாந் திகதி தொடக்கம், தொலைக்காட்சியிற் சிகரட் விளம்பரத்தை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் விளம்பரங்கள் தொடர்ந்தன.

அப்பொழுது ஜோன் பான்ஷாவ் என்னும் இளம் சட்டத்தரணி ஒருவர் ஒரு கடிதம் எழுதினார். சர்ச்சைக்குரிய விடயங்களில் இருபக்கத்துக்கும் இடமளித்தல் வேண்டும் என்பது அக்காலத்தில் அந்நாட்டு ஒலிபரப்பு விதியாயிருந்தது. புகைத்தல் இனிது என ஒரு பக்கம் கூறப்படுகையில், மறுபக்கத்துக்கும் இடம் வேண்டாவோ என்பது அவர் வினா. 1967 இல் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு அவ்வினாவை ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய மூன்று சிகரட் விளம்பரங்களுக்கு ஒன்று என்ற அளவிற் புகைத்தலுக்கு எதிரான விளம்பரங்கள் இலவசமாகக் காட்டப்படலாயின.

அவற்றுள் மறக்கவொண்ணாதது வில்லியம் ரால்மன் என்ற நடிகர் தோன்றியது. 'பெரி மேசன்' என்னும் தொடரில், கதாநாயகனாகிய சட்டத்தரணியிடம் வாரந்தோறும் தோற்றுப்போகும் அரசதரப்பு வழக்குரைஞராக நடித்தவர் அவர். 1968 இல் சுவாசப்பைப் புற்றுநோயால் இறக்குந் தறுவாயில், கடும் நோவுக்கு மருந்து உட்கொண்டவாறே, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காகக் கமராவின் முன் அமர்ந்தார். தமது வீட்டைக் காட்டினார், பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகஞ் செய்தார், மனைவியைக் காட்டினார். தம்மை வாரந்தோறும் தோற்கடித்த நண்பரோடு நிற்கும் படத்தையும் காட்டினார். அந்தத் தோல்விகளைத் தாம் பொருட்படுத்தவில்லை என்றும், இப்பொழுது நடக்கும் போரில் தோற்க விரும்பவில்லை என்றும், தோற்றால் இழப்பது இந்த மனைவி மக்களையே என்றும் அமைதியாகக் கூறினார். அவ்வாண்டு ஆகஸ்ற் 30 ஆந் திகதி அவர் காலமானார். விளம்பரம் அதன் பின்னரே வீடுகளில் தோன்றிற்று.

ஸ்ட்ராண்ட் விளம்பரத்தை எடுத்தோரிடம் இருந்த மழைத்தெருவும் வாத்தியக்கோஷ்டியும் இதில் இல்லை. ஆயினும் அந்த விளம்பரம் தவறவிட்ட ஒன்று இதில் இருந்தது. படமும் சொல்லும் ஒன்றையே கூறின. இத்தகைய விளம்பரங்கள் காட்டப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்கரின் தலைக்குரிய சிகரட் நுகர்வு குறைந்து வந்தது.

பின்னர் நிகழ்ந்தது விந்தையானது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரட் விளம்பரத்தை முற்றாகத் தடைசெய்யும் சட்டத்தில் 1970 ஏப்பிரில் மாதம் ஜனாதிபதி நிக்ஸன் கையொப்பமிட்டார். நடைமுறைக்கு வந்த நாள் 1971 ஜனவரி 2. புத்தாண்டு நாட் பந்தாட்டங்களின்போது கடைசி முறையாக விளம்பரஞ் செய்வதற்கு ஒருநாட் சலுகை! முதலாந் திகதி நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கையில், பெண்களுக்கென விற்கப்பட்ட வேர்ஜீனியா ஸ்லிம்ஸ் சிகரட்டின் விளம்பரம் தோன்றி மறைந்தது. புகையிலைத் தாபனங்கள் இத்தடையைப் பெரிதாக எதிர்க்கவில்லை. எதிர்ப்பானேன்? சிகரட் விளம்பரம் நின்றதும் மறுபக்கத்துக்கு இலவச இடம் அளிக்கும் கடமையும் நின்றது. ரால்மன் போன்றோரின் முகங்கள் திரையில் அரிதாயின. மார்ல்பரோக் குதிரைவீரன் பத்திரிகைகளுக்கும் தெருவோரப் பலகைகளுக்கும் பெயர்ந்தான். முன்னரும் அவன் அதிகம் பேசுபவனல்லன் ஆதலால் மௌனம் அவனுக்குக் குறையாகவில்லை. தலைக்குரிய நுகர்வு சில காலத்துக்கு மீண்டும் உயர்ந்தது. நல்லெண்ணத்தோடு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, அதுவரை கிடைத்தவற்றுள் வலிமை மிக்க ஆயுதத்தையும் உடன்கொண்டு போயிற்று.

இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979 இல் வந்தது. புகையிலை விளம்பரத்தை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 2006 இல் நிறைவேறியது.

அமெரிக்காவில் மறுபக்கத்தின் குரல் பின்னரும் ஒருமுறை உரத்து ஒலித்தது. சீயம் நாட்டு அரசனாக மேடையில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் நடித்த யூல் பிரைனர், 1985 ஒக்ரோபரிற் சுவாசப்பைப் புற்றுநோயால் மறைந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் அளித்த தொலைக்காட்சிப் பேட்டியிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்து, 1986 இற் புற்றுநோய்ச் சங்கம் விளம்பரமாக்கிற்று. மழித்த தலையும் கூர்ந்த பார்வையுமாக அவர் நேரே பார்த்துப் பேசினார். தாம் இப்பொழுது உயிரோடில்லை என்றும், வேறு எது செய்தாலும் புகைக்க மாத்திரம் வேண்டாம் என்றும் அவர் கூறியது சில வினாடிகளே. அந்நேரத்தில் அவர் இறந்து சில மாதங்கள் கடந்திருந்தன.