மருந்து பழையது, உறை புதியது

புற்றுநோய் என்றதும் நம் வீடுகளில் இரண்டு பயம் எழும்புகிறது. ஒன்று நோயைப் பற்றியது. மற்றது மருந்தைப் பற்றியது. "அந்த ஊசி ஏற்றினால் தலைமயிர் கொட்டும், வாய் புண்ணாகும், ஒரு கவளம் சோறும் இறங்காது" என்று பெண்கள் தமக்குள் பேசிக்கொள்வார்கள். இந்தப் பயத்தினால் மார்பில் கட்டியைக் கண்ட பின்னும் வீட்டாரிடம் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று ஊசியோடு மஹரகம வைத்தியசாலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. நம் நாட்டுப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது மார்புப் புற்றுநோயே. ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த வீட்டுக்கும் இது வரலாம்.

மருந்து ஏன் வருத்துகிறது?

புற்றுநோய்க் கலம் கட்டுக்கடங்காமல் பெருகும் கலம். வேகமாகப் பெருகும் கலங்களைக் கொல்வதே கீமோ மருந்துகள் பலவற்றின் வேலை. ஆனால் மயிர்க்கால், வாயின் உட்தோல், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றிலுள்ள நல்ல கலங்களும் வேகமாகவே பெருகுகின்றன. இரத்தத்தோடு உடம்பெங்கும் ஓடும் மருந்து இவற்றையும் சேர்த்தே தாக்குகிறது.

மார்புப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் டொக்ஸோரூபிசினை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணங்கியின் வழியில் வந்த சிவப்பு மருந்து இது. கலத்தின் கருவுக்குள் புகுந்து அது பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது. ஊசி ஏற்றியபின் சிறுநீர் சிவப்பாகப் போனால் இரத்தம் என்று சிலர் பதறுகிறார்கள். அது மருந்தின் நிறம். உண்மையில் கவனிக்க வேண்டியது இருதயத்தை. மருந்தின் மொத்த அளவு கூடக் கூட இருதயத் தசை பலவீனப்படலாம். அதனால்தான் ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று வைத்தியர்கள் கணக்கு வைக்கிறார்கள்.

வாழைப்பழத்துக்குள் குளிசை

கசப்புக் குளிசையை வாழைப்பழத்துக்குள் வைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது தாய்மாருக்குத் தெரிந்த வித்தை. நாக்குக்குத் தெரியாமல் மருந்து வயிற்றைச் சேர்ந்துவிடும். நனோ தொழில்நுட்பம் செய்வதும் ஏறக்குறைய இதையே. ஒரு மீற்றரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு 1 நனோமீற்றர். தலைமயிரின் பருமனோ ஏறக்குறைய 80,000 நனோமீற்றர்.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விஞ்ஞானி அலெக் பாங்ஹம், முட்டை மஞ்சட்கருவில் உள்ளது போன்ற கொழுப்பு நீரில் தானாகவே நுண்ணிய குமிழ்களாக உருள்வதைக் கண்டார். லிப்போசோம் என்பது அதன் பெயர். சுமார் 100 நனோமீற்றர் அளவான இத்தகைய குமிழுக்குள் டொக்ஸோரூபிசினை அடைத்த மருந்துக்கு 1995 இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

நல்ல இரத்தக் குழாயின் சுவர் நெருக்கி நெய்த துணி போன்றது. கட்டி அவசர அவசரமாக வளர்த்துக்கொள்ளும் குழாய்களோ இழை விலகிய துணி. குமிழ் இந்த இழைகளுக்கிடையே கசிந்து கட்டிக்குள் இறங்குகிறது. இருதயத்துக்கு வரும் பாதிப்பு குறைகிறது. ஆனால் பக்கவிளைவே இல்லையென்று எண்ணிவிடக் கூடாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிவது இந்த வகை மருந்தில் அதிகம்.

2012 இல் அமெரிக்காவிலேயே இம்மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியாவின் சன் பார்மா தயாரித்த மருந்தைத் தருவிக்க அந்நாடு இடம் கொடுத்தது. 2013 இல் சன் பார்மாவின் தயாரிப்புக்கு அங்கேயே அனுமதியும் கிடைத்தது.

கலத்துக்குள்ளேயே

கட்டியைச் சேர்ந்தால் போதுமா? மருந்து கலத்துக்குள் புக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவின் மொனாஷ், டீக்கின் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 2025 இல் ஒரு வழியை அறிவித்தார்கள். சிலிக்கன் தகட்டில் நிமிர்ந்து நிற்கும் நனோ குழாய்கள், டொக்ஸோரூபிசின் அடைத்த குமிழ்களை மார்புப் புற்றுநோய்க் கலத்துக்குள் நேரே செலுத்துகின்றன. இது ஆய்வுகூடத்தில் கலங்களில் பார்த்த சோதனை. நோயாளிகளுக்கு வந்த சிகிச்சை அல்ல.

நம் நாட்டிலும் 2008 இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் இன்று ஹோமாகமவில் இயங்குகிறது. யூரியாவை நனோ துகளோடு பிணைத்து, பயிருக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும் உரத்தைப் பற்றி அதன் ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்டார்கள். வயலுக்கு உரமானாலும் உடம்புக்கு மருந்தானாலும், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு சேர்ப்பதே நோக்கம்.

அது எவ்வளவு கடினம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தினர் முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளியிட்டபோது, ஏற்றிய நனோ துகள்களில் கட்டியை அடைந்தது நடுத்தரமாக நூற்றுக்கு 0.7 பங்குதான் என்று கண்டார்கள்.

ஆகவே சகோதரிகளே, "நனோ" என்று அச்சடித்த பொடியையும் எண்ணெயையும் புற்றுநோய்க்கு மருந்தென யாராவது விற்றால் ஏமாறாதீர்கள். புது மருந்து வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கிடைக்கும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஊசி தாங்க முடியாமற் போனால் நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும், வாந்திக்கு மருந்து தரவும், வேறு மருந்துக்கு மாற்றவும் அவருக்கு வழியுண்டு. கட்டியைக் கண்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பெண் வைத்தியரிடம் காட்ட விரும்பினால் அதைக் கேட்டுக்கொள்ளலாம். எந்த உறையில் வைத்துக் கொடுத்தாலும், மருந்து சிறிய கட்டியை வெல்வதே எளிது.