சுர்ருன்னு இழுத்தா சும்மா விடாதீங்க!



ஊரப்பாக்கத்தில் நடந்த எங்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் எல்லாம் எழுதி முடித்த பிறகு பேச்சு மாவு வியாபாரத்தின் பக்கம் திரும்பியது. "கிரைண்டரைத் தொட்டா லேசா சுர்ருன்னு இழுக்குதுக்கா. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல" என்றார் இட்லி மாவு விற்கும் ஓர் உறுப்பினர். "எங்க வீட்டிலயும் அப்படித்தான்" என்று இன்னும் மூன்று பேர் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் அந்த வீட்டில் பார்த்தோம். கிரைண்டர் ஒயர் உள்ளே தேய்ந்து, மின்சாரம் மெஷினின் உடம்பில் கசிந்துகொண்டிருந்தது. பிளக்கில் மூன்று முள் இருந்தது. ஆனால் சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டுக்கு எர்த் ஒயரே கொடுக்கவில்லை. கசிந்த மின்சாரம் வேறு வழியில்லாமல் அவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகப் பார்த்திருக்கிறது. அவருக்கும் ஆபத்துக்கும் நடுவில் இருந்தது அந்தச் செருப்பு மட்டும்தான். மாவு அரைக்கிற இடமோ எப்போதும் ஈரம். ஒருநாள் செருப்பும் நனைந்திருந்தால்? அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முன்பெல்லாம் நம் வீட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும்தான். 2011-ல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகு, மெஷின் இல்லாத வீடே இல்லை என்று ஆகிவிட்டது. அப்போது வாங்கியவை பத்து வயதைத் தாண்டிவிட்டன. இப்போது தையல் மெஷினுக்கு மோட்டார், சுவரில் ஓட்டை போட டிரில்லிங் மெஷின், இரும்பும் டைல்ஸும் அறுக்கும் கட்டிங் மெஷின், தோட்டத்துக்குப் புல் வெட்டும் மெஷின் என்று ஒவ்வொன்றாக வந்துவிட்டன. வேலை சுலபம்தான். ஆனால் மெஷினுக்கும் பராமரிப்பு வேண்டும்.

ஃபியூஸ் இருக்கே, போதாதா?

போதாது. இதைத்தான் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபியூஸும், எம்.சி.பி. என்கிற டிரிப் சுவிட்சும் ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன, ஆளைக் காப்பாற்ற அல்ல. 16 ஆம்பியர் டிரிப் சுவிட்ச் என்றால், 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அது விழும். நம் நெஞ்சு வழியாக 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். பத்து, பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே கை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போய்விடும். இவ்வளவு நடந்தாலும் ஃபியூஸுக்கு ஒன்றுமே தெரியாது.

ஆளைக் காப்பாற்றுபவை இரண்டு.

முதலாவது எர்த். பிளக்கில் மேலே இருக்கும் பெரிய முள்தான் எர்த் முள். மெஷினில் மின்சாரம் கசிந்தால் அதைப் பூமிக்குக் கொண்டுபோவது அதுதான். பாயின்ட்டில் நுழையவில்லை என்று அந்த முள்ளை வெட்டாதீர்கள். எர்த் ஒயருக்குப் பதிலாக நியூட்ரல் ஒயரையே அங்கே இணைக்கவும் விடாதீர்கள். அந்த ஒயர் எங்காவது அறுந்தால் மெஷின் முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். வீட்டுக்கு வெளியே கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி இருந்தால், கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது.

இரண்டாவது ஆர்.சி.சி.பி. என்ற உயிர்காக்கும் சுவிட்ச். மெயின் போர்டில் பொருத்துவது. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று எந்நேரமும் கணக்குப் பார்க்கும், நம் குழுவின் வரவு செலவு போல! 30 மில்லி ஆம்பியர் கணக்கில் இடித்தாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். மின்வாரியமும் இதைப் பொருத்தச் சொல்லி வலியுறுத்துகிறது. வாங்கும்போது "30 மில்லி ஆம்பியர்" என்று கேட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆனால் நல்லது. ஆகவில்லை என்றால் மாற்ற வேண்டும். ஆனால் ஒன்று: ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் இந்தச் சுவிட்சாலும் காப்பாற்ற முடியாது. இது இருக்கிறது என்று அஜாக்கிரதையாக இருக்கக் கூடாது.

வேலை தொடங்கும் முன்

• முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுங்கள். சுடிதார் போட்டிருந்தால் துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். தலைமுடியைக் கொண்டை போடுங்கள். சுற்றுகிற எதுவும் முதலில் இழுப்பது துணியையும் முடியையும்தான். வளையல், கயிறு இவற்றையும் கழற்றிவிடுங்கள்.

• ஒயரைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கண்ணால் பாருங்கள். வெடிப்போ, டேப் சுற்றிய இடமோ இருந்தால் புது ஒயர் போடுங்கள்.

• ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். கிரைண்டரைக் கழுவும்போதும், மாவு வழிக்கும்போதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே எடுத்துவிடுங்கள்.

• பெரிய மெஷினை மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டாதீர்கள். ஒயர் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் பெட்டி தண்ணீரில் கிடக்கக் கூடாது.

டிரில்லிங், கட்டிங் மெஷின்

சில டிரில்லிங் மெஷினில் இரண்டு முள்தான் இருக்கும். அதன்மேல் ஒரு கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் வரைந்திருந்தால் பயப்பட வேண்டாம். அதற்கு இரட்டைக் காப்பு இருக்கிறது, எர்த் தேவையில்லை என்று அர்த்தம்.

சுவரில் ஓட்டை போடும் முன், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் ஒயர் ஓடுகிறதா என்று யோசியுங்கள். டிரில்லிங் மெஷினுக்குத் துணிக் கையுறை போடாதீர்கள். அது சுற்றி இழுத்துக்கொள்ளும்.

கட்டிங் மெஷினில் சக்கரத்தை மூடியிருக்கும் தகட்டை இடைஞ்சல் என்று கழற்றிவிடுகிறார்கள். சக்கரம் உடைந்து தெறித்தால் முகத்தைக் காப்பாற்றுவது அந்தத் தகடுதான். சக்கரத்தில் எழுதியிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கீழே விழுந்து விரிசல் விட்ட சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். கண் போனால் வராது.

புல் வெட்டும் மெஷின்

பிளேடு கல்லைத் தட்டினால் அது குண்டு மாதிரி பறக்கும். முதலில் தரையில் உள்ள கல், கம்பி, பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பெட்ரோல் மெஷின் என்றால் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு பெட்ரோல் ஊற்றுங்கள். சிக்கிய புல்லை எடுக்கும் முன் மெஷினை அணைக்க வேண்டும். கரண்ட் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

மழைத் தண்ணீர் புகுந்தால்

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளில் தண்ணீர் புகுந்தது நமக்கு மறக்காது. தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும், உலர்ந்த இடத்தில் நின்று மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயின் அணைத்தாலும் அது கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். நனைந்த மெஷினை வெயிலில் வைத்துவிட்டு "ஓடுதா பார்க்கலாம்" என்று போடாதீர்கள். உள்ளே மோட்டார் சுருளில் ஈரம் இருக்கும். மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகே போட வேண்டும். தெருவில் ஒயர் அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மற்றவர்களையும் தடுத்து, மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்தால்

ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள், நீங்களும் ஒட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அசைவும் மூச்சும் இல்லை என்றால், நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை விடாமல் அழுத்துங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

குழுவில் என்ன செய்யலாம்?

எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் எழுதினோம். எர்த் சரிசெய்யவும் ஆர்.சி.சி.பி. பொருத்தவும் யார் கேட்டாலும் உள்கடனில் முன்னுரிமை. ஒரே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லா வீடுகளையும் வரிசையாகப் பார்க்கச் சொன்னதில் கூலியும் குறைந்தது. மாதக் கூட்டம் நடக்கும் நாள்தான் எங்களுக்கு டெஸ்ட் பட்டன் அழுத்தும் நாள். வருகைப் பதிவு எடுக்கும்போதே "பட்டன் அழுத்தியாச்சா?" என்று ஊக்குநர் கேட்டுவிடுவார்.

அந்த மாவு வியாபாரம் செய்யும் சகோதரிதான் முதல் கடன் வாங்கினார். "வியாபாரத்துக்குக் கடன் வாங்கியிருக்கேன், கல்யாணத்துக்கு வாங்கியிருக்கேன். என் உசுருக்குன்னு வாங்கினது இதுதான்க்கா" என்றார்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவிலும் கேட்டுப் பாருங்கள்: "யார் வீட்டு மெஷின் சுர்ருன்னு இழுக்குது?" எத்தனை கை தூக்குகிறார்கள் என்று பாருங்கள். அன்றைக்கே அதைச் சரிசெய்யத் தொடங்குங்கள்.