வேளை தவறா மருந்தும் வழித்துணையும்

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் நமக்குக் காலத்தின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காலை வண்டியொன்று பத்து நிமிடம் தாமதித்தால் விக்ரோலி நிலையத்தின் நடைமேடை எவ்வாறு நிரம்பி வழியும் என்பதை இவ்வூர் அன்பர் யாவரும் அறிவர். ஆயினும், ஒரு சிறு மாத்திரை ஒரு மணி நேரம் தாமதித்தால் ஒரு மனிதரின் உடலே அசைவற்று நின்றுவிடும் என்பதை நம் தந்தையாருக்கு நோய் கண்ட பின்னரே நாம் கற்றோம்.

அந்நோய் பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டில் இதனை விவரித்து நூல் எழுதினார். நம் நாட்டு ஆயுர்வேதம் இத்தகைய நோயைக் கம்பவாதம் என்று கூறும். மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே இதன் இயல்பு. அதனால் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும், குரலும் தாழும்.

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்ஸியாஸ் என்னும் மருத்துவர், லெவோடோபா மருந்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடமாடச் செய்தார். இன்று அதனுடன் கார்பிடோபா சேர்த்து ஒரே மாத்திரையாகத் தருகின்றனர். லெவோடோபா மூளையை அடையுமுன் வழியிலேயே மாறிவிடாமல் காப்பது கார்பிடோபாவின் வேலை. இம்மருந்து நோயை வேரறுப்பதன்று; குறைந்ததை ஈடு செய்வது மட்டுமே. உட்கொண்டதில் பாதி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் குருதியினின்று நீங்கிவிடுகிறது. நோய் முற்ற முற்ற ஒரு வேளை மருந்தின் வலு அடுத்த வேளைவரை தாங்குவதில்லை. ஆகவேதான் இதற்குக் கடிகாரம் இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் அறியாத நாட்களில் நம் இல்லத்தில் நடந்ததைக் கூற வெட்கப்படுகிறோம். தந்தையார் மாத்திரையைச் சில நாள் பால் காப்பியுடனும், சில நாள் பருப்பும் தயிரும் கலந்த சோற்றுடனும் உட்கொள்வார். உணவிலுள்ள புரதம் இம்மருந்துடன் போட்டியிட்டு அது உடலிற் சேர்வதைத் தடுக்கும் என்று நமக்கு எவரும் கூறவில்லை. பிற்பகலில் அவர் நாற்காலியினின்று எழ இயலாமல் அமர்ந்திருப்பார். "ஒரு மணி முன்புதானே நன்றாக நடந்தீர்கள்? இப்பொழுது ஏன் இந்தப் பிடிவாதம்?" என்று நாமே கடிந்தோம். அது பிடிவாதமன்று, மருந்தின் வலு தேய்ந்த வேளை என்று பின்னர் உணர்ந்தபோது நம் நெஞ்சு சுட்டது.

வேறொரு நோய்க்காக அவர் ஒரு மருத்துவமனையில் தங்க நேர்ந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. எல்லா நோயாளிகளுக்கும் மருந்து வழங்கும் வேளையிலேயே அவருக்கும் வழங்கினர். இரண்டாம் நாள் அவரால் படுக்கையிற் புரளவும் இயலவில்லை. பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டு வெளியான மருத்துவத் தரநெறி, மருத்துவமனையில் இருப்போருக்கு லெவோடோபா குறித்த நேரத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் கிடைக்க வேண்டும் என்கிறது. மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பத்தார் வேளைப் பட்டியலை எழுதிச் செவிலியரிடம் முதல் நாளே கொடுத்தல் நலம்.

இப்பொழுது நம் சமையலறைச் சுவரில் வண்டிகளின் கால அட்டவணை போன்றதொரு தாள் தொங்குகிறது. மாத்திரை வேளை, உணவு வேளை, உடல் இலகுவாக இருந்த நேரம், விறைத்த நேரம் யாவும் அதில் ஏறும். மாத்திரையை உணவுக்கு அரைமணி முன்னதாகத் தண்ணீருடன் தருகிறோம். குமட்டினால் என்ன செய்வதென மருத்துவரைக் கேட்டுக்கொண்டோம். கைபேசி மணியடிக்கும், பள்ளி செல்லும் பேரனும் நினைவூட்டுவான். அத்தாளைக் கண்டபின் மருத்துவர் வேளைகளைத் திருத்தியமைத்தார்.

மூன்று எச்சரிக்கைகளையும் கூறுவோம். மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் பேராபத்து. மெட்டோகுளோபிரமைட் என்னும் வாந்தி மருந்து இந்நோயைக் கூட்டும். எனவே எம்மருத்துவரிடம் சென்றாலும் நோயின் பெயரை முதலிற் கூறுக. பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. மருத்துவர் அறியாமல் அதனைச் சேர்த்துண்டால் அளவு மிகும்.

இனி வழித்துணை பற்றிச் சில சொற்கள். நடுங்கும் கையைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு, சங்க விழாக்களுக்கும் வாராது ஒதுங்கியிருந்தவர் நம் தந்தையார். மும்பையில் 2001-ஆம் ஆண்டு தோன்றிய பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறுச் சங்கம் கட்டணமின்றி நடத்தும் துணைக்குழுக் கூட்டங்களைப் பற்றி அறிந்து, அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். மண்டப வாயிலிலேயே அவர் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. நாம் கையைப் பற்றி இழுக்க முற்பட்டோம். உள்ளிருந்த மராத்தியப் பெரியவர் ஒருவர் தாமும் நடுங்கியவாறே அருகில் வந்து, "இழுக்காதீர்கள். அண்ணா, முன்னால் ஒரு கோடு இருப்பதாக எண்ணி அதைத் தாண்டுங்கள்" என்று இந்தியிற் கூறித் தம் கைத்தடியைத் தரையில் குறுக்கே வைத்தார். தந்தையார் தாண்டினார்; நடந்தார்.

அன்று நமக்குப் புலனாகாத ஒன்று அப்பெரியவருக்குப் புலனாயிற்று. நோயை உடையவரே நோயின் வழியை அறிவர். இன்று நம் இல்லத்து வாயில்களில் வண்ண நாடாக் கோடுகள் உள்ளன. தந்தையாரோ, புதிதாக வருவோர்க்கு நம் சுவர்த்தாளின் முறையைத் தமக்குத் தெரிந்த இந்தியிற் கற்பிக்கிறார்.

இவ்வாண்டுப் பொங்கல் விழாவில் அவர் முன்வரிசையில் அமர்ந்து, கை நடுங்க, காப்பி சிறிது சிந்தப் பருகினார். எவரும் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. நம்மவர் இல்லங்களில் இவ்வாறு மறைந்து வாழும் பெரியோர் இருப்பின், அவர்தம் மாத்திரைக்கு வேளையும் அவர்க்கு ஒரு வழித்துணையும் தேடித் தருவோமாக.