பார்சலில் போகும் பழங்காசு: ரசீதில் எழுதிய மதிப்பே மதிப்பு

வத்திராயிருப்பு பக்கம் கூமாப்பட்டி என்றோர் ஊர் இருப்பது 2025 ஜூனில் ஒரு ரீல்ஸ் மூலம் தமிழ்நாடு முழுக்கத் தெரியவந்தது. பிளவக்கல் அணையைத் தேடி வெளியூர் வண்டிகள் வந்து நின்றன. கைபேசி வீடியோவுக்கு அவ்வளவு செல்வாக்கு. அதே கைபேசியில் இன்னொரு வகை வீடியோவும் ஓயாமல் ஓடுகிறது. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய் காசு இருந்தால் பத்து லட்சம், டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு இருந்தால் சில லட்சம் என்று ஆசை காட்டும் வீடியோ.

லட்சக் கணக்கு பொய். ஆனால் பழங்காசுக்குச் சந்தை இருப்பது உண்மை. பாட்டியின் சுருக்குப்பையில் கிடந்த விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயும், ஐந்தாம் ஜார்ஜ் காலத்துக் காசும், நம் விருதுநகர் மாவட்டத்துக்காரரான காமராஜரின் நூற்றாண்டுக்கு வெளியான நினைவு நாணயமும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் விலைக்குப் போகின்றன. விலை பேசும்போது இருக்கிற கவனம், காசை அனுப்பும்போது பலருக்கு இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூமாப்பட்டிக்காரர் ஒருவர் அரிய காசு ஒன்றை 20,000 ரூபாய்க்குக் கோயம்புத்தூர்க்காரரிடம் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கவரில் போட்டு, 50 கிராமுக்குள் அடக்கி, 47 ரூபாயும் வரியும் கட்டி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறார். கவர் வழியில் தொலைந்துபோகிறது. அஞ்சல் துறை தரும் இழப்பீடு சுமார் 94 ரூபாய்.

94 ரூபாய் எப்படி?

ஸ்பீடு போஸ்ட் தபால் தொலைந்தாலோ, உள்ளே இருந்த பொருள் காணாமல் போனாலோ, கட்டிய கட்டணத்தின் இருமடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. உள்ளே இருந்தது இருபதாயிரமா, இருபது ரூபாயா என்று இந்த விதி பார்ப்பதில்லை.

1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் சட்டம் 6ஆம் பிரிவில், தான் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் தவிர வேறு எந்த இழப்புக்கும் அரசு பொறுப்பல்ல என்று சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் அஞ்சல் அலுவலகச் சட்டம், 2023-ம் இதே வழியில்தான் போகிறது. விதிகளில் எவ்வளவு பொறுப்பு சொல்லப்பட்டிருக்கிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். அந்தப் பொறுப்பைக் கூட்டிக்கொள்ள அனுப்புகிறவர் கையில் இருக்கும் ஒரே வழி, இன்சூரன்ஸ்.

இன்னொரு மாற்றத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல தலைமுறைகளாக நாம் நம்பியிருந்த பதிவுத் தபால், 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பெயருக்குரியவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால் ‘பதிவு’ என்ற கூடுதல் சேவையைக் கேட்டு வாங்க வேண்டும். ஓடிபி சொன்னால்தான் பட்டுவாடா என்ற சேவையும் இருக்கிறது. 2025 அக்டோபர் கட்டணப்படி ஒவ்வொன்றுக்கும் 5 ரூபாயும் வரியும்தான். பழங்காசுக்கு இரண்டையும் சேர்த்து வாங்குவது நல்லது. ஆனால் ‘பதிவு’ வேறு, ‘இன்சூரன்ஸ்’ வேறு. பதிவு செய்த தபால் தொலைந்துவிட்டால் காசின் விலை திரும்ப வராது.

இன்சூர் செய்து அனுப்புவது எப்படி?

கரன்சி நோட்டு, தங்கக் காசு, தங்கக் கட்டி போன்றவற்றை இன்சூர் செய்துதான் அனுப்ப வேண்டும் என்பது அஞ்சல் துறையின் நெடுநாள் விதி. வெள்ளி, செப்புக் காசுகளுக்கும் அதையே பின்பற்றுவது புத்திசாலித்தனம். ஸ்பீடு போஸ்ட்டில் 1 லட்சம் ரூபாய் வரை இன்சூர் செய்யலாம். கிராமத்துக் கிளை அஞ்சலகங்களில் வரம்பு மிகக் குறைவு. ஆகவே பெரிய தொகை என்றால் துணை அஞ்சலகத்துக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போன்ற ஊர்களின் பெரிய அஞ்சலகத்துக்கோ போவதே சரி. வாங்குகிறவரின் அஞ்சலகத்தில் அந்தத் தொகைக்கு இன்சூர் செய்த தபாலைப் பட்டுவாடா செய்வார்களா என்பதையும் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

மதிப்பைக் கூட்டியும் எழுதக் கூடாது, குறைத்தும் எழுதக் கூடாது. இருபதாயிரம் காசுக்கு ஐம்பதாயிரம் எழுதினாலும் உண்மை இழப்புக்கு மேல் கிடைக்காது. கட்டணத்தை மிச்சப்படுத்த இரண்டாயிரம் எழுதினால், இரண்டாயிரத்தோடு கதை முடிந்தது. ‘பரிசுப் பொருள்’, ‘சாவிக்கொத்து’ என்று பொய்ப்பெயர் எழுதுவது எல்லாவற்றையும்விட மோசம். உண்மையை மறைத்து எடுத்த காப்பீட்டில் இழப்பீடு கேட்கும்போது, அந்தப் பொய்யே நமக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

மதிப்புக்கு ஆதாரம் வேண்டும். இரண்டு பக்கமும் தெளிவாக எடுத்த புகைப்படம், கிராமில் எடை, விலை பேசிய உரையாடல், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அனுப்புவதற்கு முன்பே எடுத்துவையுங்கள். விலை உயர்ந்த காசு என்றால் விவரம் தெரிந்த நாணய வியாபாரி ஒருவரிடம் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். அப்படி வாங்கப் போகும் முன் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளர்கள் பாதி விலைகூடத் தரத் தயங்குவார்கள்.

பொதியும் முறைக்கும் பங்கு உண்டு. காசை அட்டை ஹோல்டரில் வைத்து, அசையாதபடி இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் ஒட்டுங்கள். குலுக்கினால் சத்தம் கேட்கும் கவர், உள்ளே காசு இருக்கிறது என்று தானே ஊருக்குச் சொல்லிவிடும். இன்சூர் செய்த தபாலின் இணைப்புகளில் அரக்கு முத்திரை வைக்கும் வழக்கம் இதற்காகத்தான்: யாராவது பிரித்தால் தெரிய வேண்டும். வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் முன் முத்திரையையும் எடையையும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தபால்காரர் முன்னிலையிலோ, அஞ்சலகத்திலோ வைத்துத்தான் பிரிக்க வேண்டும். மேலுறை சிதையாமல், எடை குறையாமல் வந்த தபாலுக்கு, வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு இழப்பீடு கேட்பது மிகக் கடினம்.

கூரியரில் அனுப்பலாமா?

நாணயம், கரன்சி, நகை, தொல்பொருள் ஆகியவற்றை ஏற்பதில்லை என்று பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதியிருக்கின்றன. கவுண்டரில் இருப்பவர் ‘பரவாயில்லை, போடுங்க’ என்று சொன்னாலும், தொலைந்த பிறகு நிறுவனம் அந்த நிபந்தனையைத்தான் காட்டும்.

ரசீதில் கையெழுத்துப் போடுவதன் கனத்தை ஒரு வழக்கு காட்டுகிறது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற ஆயத்த ஆடை நிறுவனம் ஜெர்மனிக்கு அனுப்பிய கூரியர் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. மாநில நுகர்வோர் ஆணையம் நாலு லட்சத்துக்கு மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தேசிய ஆணையம் அதை 100 டாலராகக் குறைத்தது. கையெழுத்திட்ட ரசீதில் பொறுப்பின் வரம்பு அதுதான் என்பது காரணம். 1996இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மறுபக்கம், விளக்கிச் சொல்லாமல், கையெழுத்தும் வாங்காமல், ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. ஆகவே படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 கூரியர் நிறுவனங்களுக்கும் பொருந்தும். மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் அவர்களின் பொறுப்புக்கு வரம்பு உண்டு. வழக்குப் போடும் முன், பொருளைக் கொடுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்ற பதிலை நம்பி ஆறு மாதம் ஓட்டிவிட்டால் உரிமையே போய்விடலாம்.

நஷ்டம் யாருடையது?

காசு வழியில் தொலைந்தது. விற்றவர் ‘நான் அனுப்பிவிட்டேன்’ என்கிறார், வாங்கியவர் ‘எனக்கு வரவில்லை’ என்கிறார். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39ஆம் பிரிவில் இதற்கு விடை வைத்திருக்கிறது. பொருளைச் சுமந்து செல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். ஆனால் பொருளின் தன்மைக்கு ஏற்ற, நியாயமான ஏற்பாட்டோடு அனுப்ப வேண்டியது விற்பவரின் கடமை. அதைச் செய்யாமல் பொருள் தொலைந்தால், அதைத் தன்னிடம் ஒப்படைத்ததாக வாங்குபவர் ஏற்க மறுக்கலாம்.

இருபதாயிரம் ரூபாய்க் காசை இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்பியதை நியாயமான ஏற்பாடு என்று வாதாடுவது கடினம். வாங்குபவரே ‘இன்சூரன்ஸ் வேண்டாம், செலவு குறையட்டும்’ என்றால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கட்டணம் யாருடையது, வழியில் தொலைந்தால் பொறுப்பு யாருடையது என்ற இரண்டு வரியை விலை பேசும்போதே வாட்ஸ்அப்பில் முடித்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

அனுப்பவே கூடாத காசுகள்

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு, தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், 1972இன்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிற உறவினர் ஆசைப்பட்டுக் கேட்டாலும், விக்டோரியா ரூபாயைத் தபாலில் போடுவது குற்றம். ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உள்நாட்டிலும் இத்தகைய காசுகளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும்.

மண்ணில் கிடைத்த காசு முற்றிலும் வேறு விஷயம். நம் மாவட்டத்து மண் பழமையானது. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 2022 முதல் அகழாய்வு செய்திருக்கிறது. வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ காசு கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே இந்தக் கடமை வந்துவிடும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். கிடைத்த காசைப் படம் எடுத்து விற்பனைக்குப் போடுகிறவர், தன் குற்றத்துக்குத் தானே சாட்சியம் தயாரிக்கிறார்.

வலை விரிப்பவர்கள்

உங்கள் காசை லட்சங்களுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ் கட்டணம் என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதம்கூட வரும். 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்துவிட்டது: பழைய நோட்டு, நாணய விற்பனையில் தனக்குச் சம்பந்தமில்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை, தன் பெயரில் கேட்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை. நினைவில் கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் கட்டணத்தை அனுப்புகிறவர் அஞ்சலகக் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குவார். முகம் தெரியாதவரின் யுபிஐ எண்ணுக்கு அது போகாது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். 1818 என்று பொறித்து ராமர், அனுமன் உருவங்களோடு ‘கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு’ என்று விற்பவை பின்னாளில் அடித்த டோக்கன்கள். கம்பெனி அப்படிக் காசு அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்று வருகிற ‘ரைஸ் புல்லிங்’ கும்பல் சுத்த மோசடி.

தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

1. அன்றைக்கே அஞ்சலகத்திலோ கூரியர் அலுவலகத்திலோ எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். அஞ்சல் துறையின் இலவச எண் 1800 266 6868.

2. பிரித்த தடயத்தோடு வந்திருந்தால் மேலுறையைத் தூக்கி எறியாதீர்கள். முத்திரை, எடைச்சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

3. ஆன்லைன் விற்பனைத் தளத்தில் வாங்கியிருந்தால், தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

4. பணமோசடி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

5. காப்பீட்டு நிறுவனத்திடம் தனியாக பாலிசி எடுத்திருந்து அவர்கள் தர மறுத்தால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

6. எதற்கும் தீர்வு வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். விருதுநகர் மாவட்ட ஆணையம் இயங்குவது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான், கூமாப்பட்டிக்காரருக்குப் பக்கத்து ஊர். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பெரிய அளவில் வணிகம் செய்கிறவர் ‘நுகர்வோர்’ ஆக மாட்டார். பிழைப்புக்காகச் சொந்தமாகச் சிறு விற்பனை செய்கிறவருக்கு விலக்கு உண்டு.

இந்த ஆறு படிகளில் எதில் ஏறினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: மதிப்பை எங்கே எழுதினீர்கள்? பாட்டி வைத்துவிட்டுப் போன காசின் அருமை உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். சட்டத்துக்கு அது ரசீது வழியாகத்தான் தெரியும். எனவே அடுத்த முறை கவரை ஒட்டுவதற்கு முன் கவுண்டரில் கேளுங்கள்: இதை இன்சூர் செய்ய எவ்வளவு? அந்தச் செலவைக் கட்ட மனமில்லை என்றால், காசை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், இல்லையென்றால் விற்காதீர்கள்.