தோழியரோடு இரு நாள் ஓய்வு

புரோத்ராபூரில் வாழும் நாம் வாரக் கடைசியில் தோழியரோடு ஓய்வு நாடினால், முதற்கண் கதிரவனைக் கணக்கிடல் வேண்டும். நாட்டின் நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. நாமோ ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளோம். பாகைக்கு நான்கு நிமிடமாக, நமக்குச் சுமார் 40 நிமிடம் முன்னரே பொழுது சாய்கிறது. மார்கழியில் மாலை ஐந்து மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடும்.

ஆகவே விடியலில் புறப்படுதலே நலம். சனிக்கிழமை நகருக்குச் சென்று, 1906-இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறையில் எஞ்சியுள்ள மூன்று சிறகுகளையும் நிதானமாகக் காணலாம். ஞாயிறன்று கட்டுச்சோற்றுடன் தெற்கே சிடியா டாப்புக் கடற்கரையில் அமர்ந்து உரையாடலாம். நாளுக்கு ஓரிடமே போதும்.

கட்டுச்சோற்றை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து செய்வோம். வீட்டுப் பொறுப்பை ஆடவரிடம் ஒப்புவிப்போம். அடுப்பங்கரைக் கவலையும் உடன்வந்தால் அஃது ஓய்வாகுமோ?